நல்ல கட்டியா, புற்றுக் கட்டியா? துப்புத் துலக்குகிறது காந்தம்!

1974-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 26-ந் தேதி. அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அவர் பெயர் பெட்டி போர்டு. வயது 56. கணவர் ஜெரால்டு போர்டு ஜனாதிபதி பதவி ஏற்று இரண்டு மாதம் கூட ஆகவில்லை. திருமதி போர்டுக்கு உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை. தோழி ஒருத்தி உடல் சோதனைக்குப் போனாள். அவளோடு இவரும் போனார். அவ்வளவுதான்.

சோதித்த டாக்டரின் விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

வலது மார்பில் ஒரு கட்டி!

நல்ல கட்டியா? புற்றுக் கட்டியா? யாருக்கும் தெரியாது. வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள் டாக்டர்கள்.

மறுநாள் வெள்ளை மாளிகைக்கு விருந்தாளிகள் வந்தார்கள். காலஞ்சென்ற ஜனாதிபதி ஜான்சனின் மனைவியும் மகள்களும்தான் அவர்கள். திருமதி போர்டு சிரித்த முகத்தோடு தேநீர் கொடுத்தார். மாளிகையைச் சுற்றிக் காட்டினார். கட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. விருந்தாளிகள் போன பிறகு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்.

28-ந் தேதி காலையில் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்தார்கள். கட்டியை எடுத்தார்கள். அங்கேயே சோதித்துப் பார்த்தார்கள். புற்றுநோய்! அவர் மயக்கம் தெளிவதற்கு முன்பே வலது மார்பு முழுவதையும் அகற்றி விட்டார்கள்.

இது டாக்டர்கள் செய்த கொடுமை அல்ல. அந்தக் காலத்து வழக்கமே அப்படித்தான். கட்டியோடு வந்த பெண்ணைப் படுக்க வைப்பார்கள். மயக்குவார்கள். கட்டி நல்லது என்றால் தையல் போட்டு விடுவார்கள். புற்று என்றால் மார்பையே எடுத்து விடுவார்கள். கண் விழிக்கும்போது மார்பு இருக்குமா, இருக்காதா? மேஜையில் படுக்கும் பெண்ணுக்கு அது தெரியாது. ஜனாதிபதி மனைவிக்கும் தெரியாது, கூலிக்காரன் மனைவிக்கும் தெரியாது.

திருமதி போர்டு செய்த பெரிய காரியம், அதை மறைக்காததுதான். தனக்கு வந்த நோயையும், நடந்த ஆபரேஷனையும் நாடு அறியச் செய்தார். அதைக் கேட்டு அமெரிக்கப் பெண்கள் கூட்டம் கூட்டமாக மார்புச் சோதனைக்குப் போனார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். 93 வயது வரை வாழ்ந்து 2011-ம் ஆண்டில் காலமானார்.

இன்று ஒரு பெண் அப்படி இருட்டில் படுக்க வேண்டியது இல்லை. கத்தி வைப்பதற்கு முன்பே கட்டியின் குணத்தைக் கண்டறிய வழிகள் வந்துவிட்டன. அவற்றில் விந்தையானது, காந்தத்தைக் கொண்டு உடம்புக்குள் பார்ப்பது. எம்.ஆர்.ஐ. என்று மூன்று எழுத்தில் சொல்லுகிறார்கள்.

கட்டி எல்லாம் புற்று அல்ல

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மார்பில் கட்டி என்றால் புற்றுநோய் என்று அர்த்தம் அல்ல. கட்டியோடு டாக்டரிடம் போகிற பெண்களில் பெரும்பாலோருக்கு அது புற்று அல்ல.

இளம் பெண்களுக்கு வருவது பெரும்பாலும் நார்க்கட்டி. கோலிக்குண்டு போல உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். விரலால் தொட்டால் வழுக்கி நகரும். வலிப்பது அபூர்வம். 35 வயதுக்கு மேல் நீர்க்கட்டிகள் வருவது உண்டு. உள்ளே இருப்பது வெறும் நீர். பால் கொடுக்கும் தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு சீழ் வைப்பதும் உண்டு. மார்பில் பலமாக அடி பட்டால், உள்ளே இருக்கும் கொழுப்பு செத்துக் கெட்டியாகி, அதுவும் கட்டி போலவே தோன்றும்.

இவற்றுக்கு நடுவில்தான் புற்றுக் கட்டியும் ஒளிந்துகொண்டு வருகிறது. அதுவும் முதலில் வலிப்பது இல்லை. "வலி இல்லையே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பெண்கள் ஏமாந்து போவது இதனால்தான். வயது ஏற ஏறச் சந்தேகமும் ஏற வேண்டும். 20 வயதில் வரும் கட்டி வேறு, 55 வயதில் புதிதாக வரும் கட்டி வேறு.

விரலால் தொட்டு இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட முடியுமா? கைராசிக்கார டாக்டராக இருந்தாலும் முடியாது. பல முறை ஏமாந்து போவார்.

பாட்டிக்கு வந்த நோய்

நியூயார்க் நகரில் ஒரு சிறுவன் இருந்தான். பெயர் ரேமண்ட் டமாடியன். ஆர்மீனிய வம்சம். அவனுடைய பாட்டி அவர்கள் வீட்டிலேயே இருந்தாள். பாட்டிக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. வலியால் துடித்துத் துடித்து இறந்தாள். அப்போது பையனுக்கு வயது பத்து.

அந்தப் பையன் பிடில் வாசிக்கக் கற்றுக்கொண்டான். பிறகு பிடிலை விட்டு டாக்டருக்குப் படித்தான். ஆராய்ச்சியில் இறங்கினான்.

நம் உடம்பில் பெரும் பகுதி தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் நடுவிலும் இருக்கும் கருவானது, சுற்றுகிற பம்பரம் போல நடந்துகொள்ளும். சாதாரண நேரத்தில் இந்தப் பம்பரங்கள் திசைக்கு ஒன்றாகச் சாய்ந்திருக்கும். பெரிய காந்தத்துக்குள் வைத்தால் ஒழுங்குக்கு வரும். அப்போது ரேடியோ அலையை உள்ளே அனுப்பினால், பம்பரங்கள் தள்ளாடும். அலையை நிறுத்தினால், மறுபடி பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பும்போது அவையும் ரேடியோ அலை போலச் சிறு ஓசை எழுப்பும். காதுக்குக் கேட்காது. கருவிக்குக் கேட்கும்.

நல்ல சதையில் இருக்கும் தண்ணீரும், புற்றுச் சதையில் இருக்கும் தண்ணீரும் ஒரே வேகத்தில் பழைய நிலைக்குத் திரும்புமா? இதுதான் டமாடியன் கேட்ட கேள்வி. எலிகளின் உடம்பிலிருந்து சதையை எடுத்துச் சோதித்தார். புற்றுச் சதை திரும்புவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டது! 1971-ம் ஆண்டு அதை வெளியிட்டார்.

பால் லாட்டர்பர் என்ற ரசாயன நிபுணர், அதே மாதிரி சோதனை மறுபடி நடப்பதைப் பார்த்தார். சதையை வெட்டி எடுக்காமல், உடம்புக்குள் இருக்கிற நிலையிலேயே பார்த்தால் என்ன என்று யோசித்தார். ஒரு நாள் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, காந்தத்தின் பலத்தை இடத்துக்கு இடம் மாற்றினால் ஓசை எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும் என்ற யோசனை பிறந்தது. உடனே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுதி வைத்தார். 1973-ல் முதல் படம் வந்தது. இரண்டு சிறு குழாய்களில் இருந்த தண்ணீரின் படம்! இங்கிலாந்தில் பீட்டர் மான்ஸ்பீல்டு என்பவர் படத்தை வேகமாக எடுக்கும் வழியைக் கண்டார். ஆபரேஷனில் அகற்றப்பட்ட ஒரு மார்பை அவருடைய குழு படம் பிடித்தது. புற்று இருந்த இடம் படத்தில் தெரிந்தது. அது 1979-ல் வெளிவந்தது.

டமாடியன் சும்மா இருந்தாரா? ஆள் நுழையும் அளவுக்கு ஒரு எந்திரத்தைக் கையாலேயே செய்தார். 1977-ம் ஆண்டு மே மாதம் தானே அதற்குள் உட்கார்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. அவர் பருத்த உடம்புக்காரர். அதுதான் காரணம் என்றார்கள். ஜூலை 3-ந் தேதி அவரிடம் வேலை பார்த்த லாரி மின்காப் என்ற ஒல்லியான இளைஞரை உட்கார வைத்தார்கள். 4 மணி 45 நிமிட நேரம் அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய நெஞ்சின் குறுக்குத் தோற்றம் மங்கலாக வந்தது.

2003-ம் ஆண்டு இதற்காக நோபல் பரிசு கொடுத்தார்கள். லாட்டர்பருக்கும் மான்ஸ்பீல்டுக்கும் மட்டும்! டமாடியனுக்குக் கோபம் வந்துவிட்டது. பத்திரிகைகளில் முழுப் பக்கம் முழுப் பக்கமாக விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார். பரிசு கிடைக்கவில்லை. 2022-ல் இறந்து போனார். விஞ்ஞானிகளும் மனிதர்கள்தானே!

முதல் நம்பிக்கை பொய்த்தது

சரி, புற்றைக் கண்டுபிடிக்கும் வித்தை கிடைத்துவிட்டதா? இல்லை.

எலியிடம் பலித்தது, பெண்களின் மார்பில் பலிக்கவில்லை. புற்றுக் கட்டியில் உள்ள தண்ணீர் பழைய நிலைக்குத் திரும்பும் நேரமும், நல்ல கட்டியில் உள்ள தண்ணீர் திரும்பும் நேரமும் பல பெண்களுக்கு ஒன்றாகவே இருந்தன. கட்டி தெரிந்தது, அதன் குணம் தெரியவில்லை.

வழி வேறு ஒரு பக்கத்திலிருந்து வந்தது. டமாடியன் எலிச் சோதனையின் முடிவை வெளியிட்ட அதே 1971-ம் ஆண்டில், பாஸ்டன் நகரில் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஜூடா போக்மன் ஒரு புதுக் கருத்தை வெளியிட்டார். புற்றுக் கட்டி வளர ரத்தம் வேண்டும். ரத்தம் இல்லாவிட்டால் ஒன்று இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் அது வளராது. ஆகவே பக்கத்தில் இருக்கும் ரத்தக் குழாய்களை ஏவி, தன் பக்கம் புதுக் கிளைகள் விடச் செய்கிறது என்றார் அவர். பலர் நம்பவில்லை. பிறகு நம்பினார்கள்.

ஆற்றுப் பாசன ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். முறையாக வெட்டிய வாய்க்காலுக்குக் கரை உண்டு, மடை உண்டு. தண்ணீர் நிதானமாக வயலுக்குப் போகும். இரவோடு இரவாக ஒருவன் கள்ள வாய்க்கால் வெட்டினால் எப்படி இருக்கும்? கரை சரியாக இராது. தண்ணீர் குபுகுபு என்று பாயும். வந்த வேகத்திலேயே ஓட்டை உடைசல் வழியாக வடிந்தும் போகும்.

புற்றுக் கட்டியின் ரத்தக் குழாய்கள் கள்ள வாய்க்கால்கள். அவசரத்தில் உண்டானவை. சுவர் எல்லாம் ஒழுக்கு.

இந்த ஒழுக்கைப் படம் பிடித்துவிட்டால்?

மருந்து போனது எங்கே?

கடோலினியம் என்று ஒரு உலோகம். காந்தத்துக்குப் பிடித்தமான உலோகம் இது. தனியாக உடம்பில் போனால் விஷம். ஆகவே அதை வேறு ரசாயனத்துக்குள் கூண்டில் அடைத்த மாதிரி அடைத்து, மருந்தாகச் செய்தார்கள். கையில் உள்ள ரத்தக் குழாயில் ஊசி மூலம் செலுத்தினால், ரத்தம் அதிகம் பாய்கிற இடம் படத்தில் பளிச்சென்று வெளுத்துத் தெரியும்.

ஜெர்மனியில் உள்ள மூனிச் நகரில் சில்வியா ஹேவாங் என்ற பெண் டாக்டர், இந்த மருந்தைக் கொடுத்து மார்பைப் படம் எடுத்தார். 1986-ல் முடிவை வெளியிட்டார். புற்றுக் கட்டிகள் விளக்கு ஏற்றியது போலத் தெரிந்தன!

ஆனால் மறுபடியும் ஒரு தொல்லை. நார்க்கட்டிகளில் சிலவும் விளக்குப் போல வெளுத்தன. அவையும் ரத்தம் குடிக்கின்றன அல்லவா?

வெர்னர் கைசர் என்ற ஜெர்மானிய டாக்டர் வேறு விதமாக யோசித்தார். ஒரே ஒரு படம் எடுத்தால் போதாது. மருந்து போன பிறகு நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மருந்து எவ்வளவு வேகத்தில் வருகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்க்க வேண்டும். 1989-ல் அவர் அதை வெளியிட்டார்.

திருடனைப் பிடிக்க அவன் முகத்தைப் பார்ப்பது ஒரு வழி. அவன் வருகிற நேரத்தையும் போகிற நேரத்தையும் குறித்து வைப்பது இன்னொரு வழி.

266 கட்டிகள்

இது எவ்வளவு தூரம் நம்பத் தகுந்தது? பான் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியானே கூல் என்ற பெண் டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் கணக்கு எடுத்தார்கள். மருந்து கொடுத்தபோது வெளுத்துக் காட்டிய 266 கட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் புற்று எவை, நல்லவை எவை என்று முடிவாகக் கண்டார்கள். 101 புற்று. 165 நல்ல கட்டி.

மருந்து நடந்துகொண்ட விதத்தை மூன்றாகப் பிரித்தார்கள்.

சில கட்டிகளில் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருந்தது. கடைசி வரை இறங்கவில்லை. சிலவற்றில் விறுவிறு என்று ஏறி, அப்படியே நின்றுவிட்டது. இன்னும் சிலவற்றில் வேகமாக ஏறியது. இரண்டு மூன்று நிமிடத்தில் வடியத் தொடங்கியது. கடைசியாகச் சொன்னதுதான் கள்ள வாய்க்கால்!

1999-ம் ஆண்டு கணக்கு வெளிவந்தது. நல்ல கட்டிகளில் நூற்றுக்கு 83 முதல் வகை. மருந்து நிதானமாக ஏறியவை. புற்றுக் கட்டிகளிலோ நூற்றுக்கு 57-க்கு மேல் மூன்றாம் வகை. சட்டென்று ஏறி, சட்டென்று வடிந்தவை. நூற்றுக்கு 34 ஏறி நின்ற வகை.

துப்புத் துலங்கிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அவசரப்படக் கூடாது. அதே கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது. 101 புற்றுக் கட்டிகளில் 9, நிதானமாக ஏறிய வகையில் இருந்தன. அதாவது சாது வேஷம் போட்ட புற்று! 165 நல்ல கட்டிகளில் 9, சட்டென்று வடிந்த வகையில் இருந்தன. அவை திருடன் போலத் தோன்றிய நல்லவர்கள்!

மருந்தின் போக்கை மட்டும் பார்த்து, "உனக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போ" என்று சொல்லியிருந்தால் அந்த 9 பேர் கதி என்ன ஆகியிருக்கும்?

நண்டுக் கால்கள்

ஆகவே டாக்டர்கள் கட்டியின் உருவத்தையும் பார்க்கிறார்கள். உருவம் மோசமாக இருந்தால், மருந்து எப்படிப் போனாலும் விடுவது இல்லை.

நல்ல கட்டிக்கு ஓரம் வழவழப்பாக இருக்கும். முட்டை போல, உருண்டை போலத் தெரியும். நார்க்கட்டியின் உள்ளே, பலாச்சுளைகளைப் பிரிக்கும் நார் போல, மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரிவது உண்டு. அதைக் கண்டால் டாக்டருக்கு மனம் லேசாகும். புற்றுக் கட்டிக்கு ஓரம் சிதைந்திருக்கும். நாலா பக்கமும் கால் கால் போல நீட்டிக்கொண்டிருக்கும். புற்றுநோய்க்குப் பண்டைக் கிரேக்க வைத்தியர்கள் நண்டு என்று பெயர் வைத்தார்கள். சில கட்டிகளைப் படத்தில் பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தோன்றும். சில கட்டிகளில் நடுவை விட்டு, விளிம்பு மட்டும் வளையம் போல வெளுக்கும். அதுவும் கெட்ட அடையாளம்.

இப்போது மூன்றாவதாக ஒரு சாட்சியும் சேர்ந்திருக்கிறது. புற்றுக் கட்டியில் உயிரணுக்கள், திருவிழாக் கூட்டம் போல நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். நடுவில் இருக்கும் தண்ணீருக்கு நகர இடம் இராது. நல்ல கட்டியில் பெரும்பாலும் இடம் இருக்கும். தண்ணீர் தாராளமாக அசையும். அந்த அசைவையும் காந்தம் அளந்து சொல்லிவிடுகிறது. இதற்கு மருந்து ஊசி கூட வேண்டாம்.

மூன்று சாட்சிகளும் ஒரே மாதிரி சொன்னால் சந்தேகம் பெரும்பாலும் தீரும். ஆளுக்கு ஒன்றாகச் சொன்னால்?

கடைசித் தீர்ப்பு யாருடையது?

2004-ம் ஆண்டு வெளிவந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில், கை சோதனையிலோ எக்ஸ்ரேயிலோ சந்தேகப்பட்ட 821 பெண்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அவர்களில் 404 பேருக்குப் புற்று. புற்று இருந்தவர்களில் 100-க்கு 88 பேரை எந்திரம் சரியாகச் சொன்னது. 12 பேரைத் தவறவிட்டது. புற்று இல்லாதவர்களில் 100-க்கு 68 பேரை "இல்லை" என்று சரியாகச் சொன்னது. மற்றவர்களை வீணாகப் பயமுறுத்தியது.

ஆராய்ச்சி நடத்தியவர்களே தெளிவாகச் சொன்னார்கள். சந்தேகக் கட்டிக்கு எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டதால் சதைச் சோதனை வேண்டாம் என்று சொல்ல முடியாது!

சதைச் சோதனையைப் பயாப்சி என்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு ஊசியால் கட்டியிலிருந்து அரிசி நீளத்துக்குச் சில துண்டுகளை எடுப்பார்கள். பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். கடைசித் தீர்ப்பு அதுதான். "ஊசி குத்தினால் புற்று பரவிவிடும்" என்று பயந்து இந்தச் சோதனையைத் தள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வீண் பயம். தள்ளிப் போடும் நாட்களில்தான் புற்று பரவும்.

இன்னொரு விஷயம். கையில் கட்டி தட்டுப்பட்டதும் முதலில் எம்.ஆர்.ஐ. எடுக்க ஓட வேண்டியது இல்லை. முதலில் டாக்டரின் கை சோதனை. பிறகு மாமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே. இளம் பெண்களுக்கு ஒலி அலை ஸ்கேன். அதன் பிறகு ஊசிச் சோதனை. பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும். ஊசிச் சோதனையால் உடனே தீரக்கூடிய சந்தேகத்துக்கு, செலவு அதிகமான காந்தப் படம் எடுப்பது பண விரயம்.

அப்படியானால் எம்.ஆர்.ஐ. யாருக்கு? மற்றப் படங்கள் ஒன்றுக்கு ஒன்று முரணாக இருந்தால் வேண்டும். அக்குளில் புற்று தெரிந்து, மார்பில் எங்கே என்று தெரியாவிட்டால் வேண்டும். ஆபரேஷன் செய்த பழைய தழும்பில் மறுபடி புற்று முளைத்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் வேண்டும். தாய் வழியிலோ தந்தை வழியிலோ பரம்பரையாக மார்புப் புற்று வருகிற குடும்பத்துப் பெண்களுக்கு, கட்டி வருவதற்கு முன்பே ஆண்டுதோறும் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

எக்ஸ்ரேயில் மார்பு முழுவதும் வெள்ளையாகத் தெரிகிற பெண்கள் உண்டு. சதை அவ்வளவு அடர்த்தி. வெள்ளைக்குள் வெள்ளைக் கட்டியை எப்படிக் காண்பது? நெதர்லாந்து நாட்டில் அப்படிப்பட்ட 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில், அடுத்த சோதனைக்குள் 1,000-க்கு 5 பேருக்குப் புற்று வெளிப்பட்டது. எம்.ஆர்.ஐ.க்கும் அழைக்கப்பட்ட கூட்டத்தில் அது பாதியாகக் குறைந்தது. 2019-ல் இது வெளிவந்தது.

குப்புறப் படுக்க வேண்டும்

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிற பெண்ணுக்கு என்ன செய்வார்கள்?

தாலி, தோடு, மூக்குத்தி, வளையல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் உண்டு. உலோகம் உள்ளே போகக் கூடாது. பூமியின் காந்த சக்தியைப் போல 30 ஆயிரம் மடங்கு பலமுள்ள காந்தம் அது! மஞ்சள் கயிற்றை மாற்றிக் கட்டிக்கொண்டு போகலாம்.

இருதயத்துக்குக் கருவி பொருத்தியவர்கள், உடம்பில் உலோகத் துண்டு உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். மாதவிலக்கு ஆகிற பெண்களாக இருந்தால், விலக்குத் தொடங்கி ஒரு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். மற்ற நாட்களில் நல்ல சதையும் மருந்தை உறிஞ்சி வெளுத்துக் காட்டி, டாக்டரைக் குழப்பும்.

பலகையில் குப்புறப் படுக்க வேண்டும். மார்புகள் கீழே தொங்க, பலகையில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். மாமோகிராமில் அழுத்துவது போல அழுத்த மாட்டார்கள். பலகை சுரங்கம் போன்ற குழாய்க்குள் போகும். தச்சுப் பட்டறை போல டக் டக் என்று ஓசை காதைத் துளைக்கும். காதுக்குப் பஞ்சு கொடுப்பார்கள். கையில் ஊசி ஏறும்போது லேசாகக் குளிரும். 20 நிமிடம், அரை மணி அசையாமல் இருக்க வேண்டும். மூச்சுத் திணறுவது போலப் பயம் வந்தால், கையில் கொடுத்திருக்கும் பொத்தானை அழுத்தலாம். ஆள் வருவார்கள். எக்ஸ்ரே கதிர் இதில் கிடையாது.

3 நிமிடச் சோதனை

அரை மணி நேரம், அதிகச் செலவு. இந்த இரண்டும்தான் பலரைத் தடுக்கின்றன. 266 கட்டிகளைக் கணக்கெடுத்த அதே டாக்டர் கூல், நேரத்தைக் குறைக்க வழி தேடினார்.

எடுக்கிற படங்கள் அத்தனையும் தேவையா என்று கேட்டார். மருந்துக்கு முன் ஒன்று, மருந்துக்குப் பின் ஒன்று எடுத்து, முதலாவதை இரண்டாவதிலிருந்து கழித்தால், வெளுத்த இடம் மட்டும் மிஞ்சும் அல்லவா? 17 நிமிடச் சோதனை 3 நிமிடமாகச் சுருங்கியது. அந்தப் படத்தைப் பார்த்து முடிவு சொல்ல டாக்டருக்கு அரை நிமிடம் போதும்.

2014-ல் அவர் அதை வெளியிட்டார். மாமோகிராமில் குற்றம் எதுவும் தெரியாத 443 பெண்களைச் சோதித்திருந்தார். நீண்ட சோதனை 11 பேருக்குப் புற்றைக் கண்டது. 3 நிமிடச் சோதனையும் அதே 11 பேரைக் கண்டது. அந்தப் புற்றுகளில் ஒன்று கூட அக்குள் வரை பரவி இருக்கவில்லை.